பதினொன்று நாற்பது

குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
எலுமிச்சை வடிவக் காந்தத்துக்குக் கீழே
ஹெலெத் செருகிவைத்த சீட்டு:

போர்த் கெரிக் துறையிலிருந்து வடக்கே,
இரட்டைப் பாறை வரை, அதற்கு மேல் இல்லை.
மஞ்சள் கயாக். ஆரஞ்சு அங்கி.
பதினொன்று நாற்பதுக்குள் நான் கூப்பிடாவிட்டால்
கடலோரக் காவலை நீ கூப்பிடு.
பதினொன்று நாற்பத்தைந்துக்கு அல்ல.

கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடுகள்.
அவை எனக்கானவை.
பஸ்ஸைத் தவறவிடுவதற்கென்றே பிறந்தவன் நான்.

முந்தின இரவு சமையல் மேசை முழுக்க
அவளுடைய கடல்.
வயர்லெஸ், விசில், மழுங்கிய முனைக் கத்தி,
துடுப்புக்கு ஒரு கயிறு, தூண்டிலுக்கு ஒரு கயிறு,
கொக்கி பிடுங்கும் குறட்டுக்குக்கூட ஒன்று.
"எல்லாவற்றையும் கட்டுகிறாய், உன்னை?" என்றேன்.
"கயிறு கூடினால் அதுவே வலை.
எனக்கு நீ போதும்" என்றாள்
ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி.

காலையில் கடல்
இஸ்திரி போட்ட துணி.
என்ன அழகு என்றேன்.
அவள் பார்த்தது டில்வின் வீட்டுப் புகைக்கூண்டை.
புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது.
"கரைக்காற்று. இங்கே நின்றால்
அதன் முதுகுதான் தெரியும்.
முகம் ஒரு மைலுக்கு அப்பால்."
பாறை மறைவை விட்டு விலகுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான்
போனாள்.

பதினொன்று இருபது. தட்டுகளைக் கழுவினேன்.
பதினொன்று முப்பத்தொன்று. கழுவிய தட்டுகளைக் கழுவினேன்.
கானாங்கெளுத்திக் கூட்டம் சிக்கியிருக்கும்.
கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கும்.
நான் கூப்பிட்டால்
டில்வின் இறைச்சிக் கடையில் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவான்,
மெய்ரிக் டிராக்டருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வருவான்,
படகு இறங்கும், ஊரே ஜன்னலுக்கு வரும்,
அவளோ பையை ஆட்டிக்கொண்டு கதவைத் திறப்பாள்.
பிறகு மதுக்கடையில் ஒரு வருஷம்
என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பதினொன்று முப்பத்தொன்பது.
இன்னும் ஐந்து நிமிடம் என்றது
எனக்குள் இருக்கும் அந்த ஆள்,
என் வாழ்க்கை முழுதும் அதையே சொன்னவன்.

கூப்பிட்டேன்.
என்ன நிறம், எத்தனை பேர், எங்கிருந்து, எதுவரை:
எதிர்முனைப் பெண் கேட்கக் கேட்கச்
சீட்டைப் பார்த்து வாசித்தேன்.
பதற்றமில்லாத வரிகள். அவளுடையவை.
நடுங்கியது என் குரல் மட்டும்.

மூன்று துறைகளுக்குத் தெற்கே
கூழாங்கல் கரையில் அவளைக் கண்டார்கள்,
முழங்காலைக் கட்டிக்கொண்டு, உதடு நீலமாக.

பெரிய மீன் என்று பிறகு சொன்னாள்,
துண்டு துண்டாக, இரண்டு இரவுகளில்.
அது இழுத்த திசையும் காற்று தள்ளிய திசையும் ஒன்று.
நிமிர்ந்து பார்த்தபோது
இரட்டைப் பாறை கட்டைவிரல் அளவு.
வயர்லெஸ்ஸில் பேசினாளாம், மலைமுனை
குரலை விழுங்கிவிட்டதாம்.
கத்தியை எடுத்தாள்.
நேரே காற்றோடு மல்லுக்கட்டவில்லை.
குறுக்காக, சாய்த்துச் சாய்த்து,
கிடைத்த கரைக்குத் துடுப்புப் போட்டாள்.
ஒருமுறை கவிழ்ந்தாள். ஏறினாள்.
அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

கரையில் டில்வினிடம் மன்னிப்புக் கேட்டாளாம்.
கம்பளியை அவள் தோளில் சுற்றியபடி
அவன் கேட்டது ஒன்றுதான்:
"மீன்?"
"அறுத்துவிட்டேன்."
அவன் தலையசைத்தான்,
ஊரிலேயே பெரிய மீனைக்
கொண்டுவந்து காட்டியவளுக்குத் தலையசைப்பதுபோல.

அன்றிரவு என் கைபேசியை எடுத்து
அழைப்புப் பட்டியலில் நேரத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
கவிழ்த்து வைத்தாள்.

நான்கு சனிக்கிழமைகள் கயாக் கொட்டகையில் கிடந்தது.
ஐந்தாவதில்
காந்தத்துக்குக் கீழே புதிய சீட்டு.
நேரம்: பன்னிரண்டு பத்து.
அடிக்கோடு இல்லை.